சி.ஆர்.பி. 4.6 என்று வந்திருக்கிறது. அழற்சியைக் குறைக்கக் கொல்கிசின் எடுக்கலாமா?

கேள்வி கேட்டவருக்கு வயது 51. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. உடல் கொதிப்பும் இரவு வியர்வையும் தூங்கவிடாததால், மகப்பேறு மருத்துவரின் பரிந்துரைப்படி எட்டு மாதங்களாக ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மாத்திரையாக எடுத்து வருகிறார். சென்ற மாதம் செய்துகொண்ட முழு உடல் பரிசோதனையில், உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ஒரு புரதத்தை நுட்பமாக அளக்கும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 4.6 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அறிக்கையோடு செயலியில் வந்த விளக்கம் "நாள்பட்ட அழற்சி, இதய ஆபத்து அதிகம்" என்கிறது. அழற்சியே எல்லா நோய்க்கும் வேர் என்று காணொளிகளில் கேட்டிருக்கிறார். கொல்கிசின் என்னும் மருந்து அந்த அழற்சியைத் தணித்து மாரடைப்பைத் தடுக்கும் என்று படித்திருக்கிறார். தம் சித்தப்பா மூலனூர்ப் பக்கம் பயிரிடும் கண்வலிக் கிழங்கிலேயே அந்த மருந்து இருப்பதையும் அறிந்திருக்கிறார். மாத்திரையாக வாங்கலாமா, அல்லது கிழங்கையே பக்குவம் செய்து சிறிதளவு எடுத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

அவசரமான பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்வலிக் கிழங்கை, எவ்வளவு சிறிய துண்டாக இருந்தாலும், எந்தப் பக்குவம் செய்திருந்தாலும், வாயில் வைக்காதீர்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கொல்கிசின் மாத்திரையும் உங்களுக்கு உரியதன்று. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுவே பெரியது. ஓர் எண் உயர்ந்திருக்கிறது, அந்த எண் உயர்ந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்கிறார்கள், அப்படியானால் அந்த எண்ணைக் குறைத்துவிட்டால் நான் தப்பித்துவிடுவேனா என்பதே அது. இதய ஆய்வாளர்களும் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பல்லாயிரம் நோயாளிகளிடம் பரிசோதித்துப் பார்த்துவரும் கேள்வி இது. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்ப்பவன், ஆய்வாளன் அல்லன். உங்களைப் பரிசோதிக்காமல், நீங்கள் எழுதிய சில வரிகளை மட்டும் வைத்துப் பதில் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்யும் ஒரு புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்த நீரில் இதைக் கண்டார்கள். அந்தக் கிருமியிலிருந்து பிரித்து 'சி' என்று பெயரிட்டிருந்த ஒரு பொருளோடு சேர்ந்தபோது இது திரிந்து படிந்ததால் இந்தப் பெயர் வந்தது. உடலில் எங்காவது தொற்றோ காயமோ ஏற்பட்டால் அங்குள்ள அணுக்கள் இன்டர்லூகின்-6 முதலிய வேதித் தூதுகளை இரத்தத்தில் விடுகின்றன. செய்தி கல்லீரலுக்கு எட்டிய சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும், கடுமையான தொற்றில் இயல்பைவிட நூறு மடங்குக்கு மேலும் போகும், காரணம் நீங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எங்கோ ஏதோ நடக்கிறது என்று அது சொல்லுமே தவிர, எங்கே, எதனால் என்று சொல்லாது. ஈறு வீக்கம், முந்தின வாரத்துச் சளிக்காய்ச்சல், முடக்குவாதம், புகைப்பழக்கம், வயிற்றுக் கொழுப்பு ஆகிய எல்லாம் அறிக்கையில் ஒரே ஓர் எண்ணாகத்தான் தெரியும். என்னிடம் ஒரு பெண்மணி 9 என்ற எண்ணோடு, இதயம் போய்விட்டது என்ற பயத்தில் வந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் ஈறில் சீழ் கோத்திருந்தது. பல் மருத்துவர் அதைச் சரிசெய்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 1.8.

உங்கள் அறிக்கையை எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, அது ஹெச்.எஸ். சி.ஆர்.பி.யா, வெறும் சி.ஆர்.பி.யா என்பது. வெறும் சி.ஆர்.பி. தொற்று நோய்களுக்காக ஏற்பட்ட பரிசோதனை. குறைந்த அளவுகளை அது நுட்பமாகப் பிரித்துக் காட்டாது. இரண்டாவது, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகு. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரும் ஆய்வகங்களும் உண்டு, டெசிலிட்டருக்கு இத்தனை என்று தரும் ஆய்வகங்களும் உண்டு. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு. லிட்டருக்கு 4.6 என்றால் இதய ஆபத்தைப் பற்றிப் பேசலாம். டெசிலிட்டருக்கு 4.6 என்றால் அது லிட்டருக்கு 46. அப்போது இதயத்தை விட்டுவிட்டுத் தொற்றையோ வேறு அழற்சி நோயையோ உடனே தேட வேண்டும். செயலியின் விளக்கத்துக்கு நீங்கள் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதோ, பரிசோதனைக்கு முன் காய்ச்சல் வந்ததா என்பதோ தெரியாது. எல்லையைத் தாண்டிய எண்ணைச் சிவப்பாக்குவது மட்டுமே அதன் வேலை. அந்தச் சிவப்பைப் பார்த்து எத்தனை பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள் என்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

லிட்டருக்கு 4.6 என்றே வைத்துக்கொள்வோம். 2003இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க இதயச் சங்கமும் சேர்ந்து வகுத்த அளவுகோலின்படி 1க்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேலே அதிகம். 10க்கு மேலே போனால் வேறு காரணத்தைத் தேடிவிட்டுப் பிறகு மீண்டும் எடுக்க வேண்டும். அதே அறிக்கை, ஒரே ஓர் அளவை வைத்து முடிவு செய்யாமல், நலமாக இருக்கும் நாட்களில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்க்கச் சொன்னது. அந்த வரி பெரும்பாலும் மறந்துபோய்விட்டது. 2025இல் அமெரிக்க இதயவியல் கல்லூரி வெளியிட்ட அறிவியல் அறிக்கை கொழுப்பு அளவுகளோடு இதையும் பரவலாகப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பதால், இந்த எண் இனி இன்னும் பலர் கைக்கு வரும்.

உங்கள் கேள்வியில் எளிதில் கவனிக்காமல் விடக்கூடிய ஒன்று இருக்கிறது: நீங்கள் ஈஸ்ட்ரோஜனை வாய்வழியாக எடுக்கிறீர்கள். மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், அங்கே அடர்த்தியாகச் சேர்ந்து, பிறகுதான் உடலின் மற்றப் பகுதிகளுக்குப் பரவுகிறது. அந்த முதல் சந்திப்பிலேயே கல்லீரல் பல புரதங்களைக் கூடுதலாகச் செய்யத் தொடங்குகிறது, சி.ஆர்.பி. அவற்றுள் ஒன்று. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த பெப்பி என்னும் ஆய்வின் இரத்த மாதிரிகளை 1999இல் அளந்து பார்த்தபோது, வாய்வழி ஈஸ்ட்ரோஜன் அடங்கிய நான்கு வகைச் சிகிச்சைகளிலும் சி.ஆர்.பி. சுமார் 85 விழுக்காடு உயர்ந்திருந்தது. அப்படியானால் 2.5ஆக இருந்த ஒருவருக்கு மாத்திரையால் மட்டுமே 4.6 வரலாம். தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ எடுப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கல்லீரலை அப்படி முதலில் முட்டுவதில்லை; அவர்களிடம் சி.ஆர்.பி. இப்படி ஏறுவதில்லை. இன்னும் முக்கியமானது, மாத்திரை எடுப்பவர்களிடம் சி.ஆர்.பி. ஏறும்போது அதைத் தூண்ட வேண்டிய இன்டர்லூகின்-6 அதற்கேற்ப ஏறுவதில்லை. செய்தி எதுவும் வராமலேயே கல்லீரல் புரதத்தைச் செய்துவிடுகிறது. ஆகவே உங்கள் 4.6இல் எவ்வளவு அழற்சி, எவ்வளவு மாத்திரை என்பதை இந்த ஓர் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது.

இதிலிருந்து மாத்திரை இதயத்துக்குத் தீங்கே செய்யாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2002இல் வெளிவந்த பெண்கள் நலத் தொடக்க ஆய்வில், குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனையும் செயற்கைப் புரோஜெஸ்டினையும் வாய்வழியாக எடுத்த பெண்களிடம் பக்கவாதமும் இரத்தக் கட்டியும் மார்பகப் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. 16,608 பெண்கள் பங்கேற்ற அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். உலகம் முழுவதும் பல பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்த காலம் அது. பிறகு நிதானமாகப் பார்த்தபோது, பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதும், மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள், அறுபது வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு என்பதும் தெளிவாயின. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் மேலிருந்த கட்டமிட்ட எச்சரிக்கையை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கியதும் இந்த மறுபார்வையின் தொடர்ச்சியே. தோல்வழி ஈஸ்ட்ரோஜனில் இரத்தக் கட்டி ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் இது பெரும்பாலும் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் இருந்து வந்த முடிவு; இரண்டு குழுக்களாகச் சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளின் உறுதி அதற்கு இல்லை. இந்த வேறுபாட்டை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் இந்தத் துறையின் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறந்தன.

இனி, அழற்சிக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு. தொடர்பு இருக்கிறது என்பதில் இன்று ஐயமில்லை. இதயத் தமனிச் சுவரில் கொழுப்பு படிவதோடு கதை முடிவதில்லை. அதை விழுங்க வந்த வெள்ளணுக்கள் அங்கேயே தங்கி, படிவின் மேல்மூடியை அரித்து, ஒருநாள் அது வெடித்து இரத்தம் உறையும்போதுதான் பெரும்பாலான மாரடைப்புகள் நேர்கின்றன. நலமாக இருந்த அமெரிக்க ஆண் மருத்துவர்களின் சேமித்து வைத்த இரத்தத்தை அளந்து, சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு அதிகமாக வந்ததை 1997இல் பால் ரிட்கரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். 2008இல் ஜூபிட்டர் ஆய்வு வந்தது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 130க்குக் கீழே, ஆனால் சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேலே இருந்த 17,802 பேரில் பாதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள்; மாரடைப்பு, பக்கவாதம் முதலியன 44 விழுக்காடு குறைந்தன. அழற்சிக் கொள்கைக்கு இது வெற்றி என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன்: அந்த மாத்திரை சி.ஆர்.பி.யை 37 விழுக்காடு குறைத்தது, எல்.டி.எல்.லைப் பாதியாகவே குறைத்தது. நன்மை எதனால் வந்தது என்பதைப் பிரிக்க வழியில்லை. உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு செய்தியும் அதில் உண்டு. மாதவிடாய்க்குப் பிந்திய ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த பெண்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆகவே அந்த ஆய்வின் 2 என்ற எல்லையை உங்கள் 4.6க்கு வைத்துப் பார்ப்பது சரியாகாது.

மரபணு ஆய்வுகள் இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்த்தன. சிலருக்குப் பிறவியிலேயே சி.ஆர்.பி. சற்று அதிகமாகச் சுரக்கும்படி மரபணு அமைந்திருக்கிறது. சி.ஆர்.பி.தான் குற்றவாளி என்றால் அவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வர வேண்டும், வரவில்லை. ஆனால் இன்டர்லூகின்-6இன் செய்தியைச் சற்று மட்டுப்படுத்தும் மரபணு வேறுபாடு உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவு என்று 2012இல் தெரிந்தது. ஆக, சி.ஆர்.பி. தானாகத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. அதை ஏவும் செய்தித் தொடரில்தான் தீங்கு இருக்கிறது. 2017இல் கான்டோஸ் ஆய்வு இதை மனிதரிடம் நேராகச் சோதித்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்த 10,061 பேரிடம், இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் அழற்சித் தூதை மட்டும் தடுக்கும் கானகினுமாப் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். கொழுப்பு அளவு குறையவில்லை; ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவை 15 விழுக்காடு குறைந்தன. அழற்சியைக் குறைத்தாலே இதயத்துக்கு நன்மை உண்டு என்பதற்கு முதல் உறுதியான சான்று இதுதான். ஆனால் உயிரைக் குடித்த தொற்றுகள் அதே ஊசியால் கூடின. மொத்த இறப்பு குறையவில்லை. இதய நோய்க்காக அது சந்தைக்கு வரவில்லை. அடுத்து வந்த ஆய்வில் முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் 4,786 பேரிடம் பார்த்தார்கள். எந்தப் பயனும் இல்லை. அழற்சி என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது ஒரே பாதையில் நடப்பதன்று. எந்தப் பாதையை அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயன்.

கொல்கிசின் இந்த இடத்தில்தான் வருகிறது. வாத நோய்களில் ஒன்றான கவுட் என்னும் யூரிக் அமில மூட்டுவலிக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவரும், விலை குறைந்த மருந்து. வெள்ளணுக்கள் நகர்வதற்கும் தூதுப் பொருள்களை வெளியிடுவதற்கும் வேண்டிய உட்சட்டத்தை அது குலைக்கிறது. 2019இல் மான்ட்ரியலிலிருந்து வந்த கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து முப்பது நாட்களுக்குள் இருந்த 4,745 பேரிடம் நாளுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்தபோது இதய நிகழ்வுகள் 7.1 விழுக்காட்டிலிருந்து 5.5ஆகக் குறைந்தன. 2020இல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நிலைபெற்ற இதயத் தமனி நோய் உள்ள 5,522 பேரிடம் நடந்த ஆய்வில் 9.6 விழுக்காடு 6.8ஆகியது, அதாவது இரண்டரை ஆண்டு அளவுக்கு நூறு பேர் எடுத்தால் ஏறக்குறைய மூன்று பேர் தப்பித்தார்கள். அதே ஆய்வில் இதயம் சாராத காரணங்களால் இறந்தவர்கள் மருந்து எடுத்த குழுவில் சற்றுக் கூடுதலாக இருந்தார்கள். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தும் நான் அதை மறக்கவில்லை. 2023 ஜூனில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கு 0.5 மில்லிகிராம் கொல்கிசினுக்கு ஒப்புதல் கிடைத்தது. நீங்கள் படித்த செய்தி இதுவரைதான் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு 2024இல் கிளியர் ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைக்கப்பட்ட 7,062 பேரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கொல்கிசின் குழுவில் 9.1 விழுக்காடு, மருந்தில்லா மாத்திரைக் குழுவில் 9.3 விழுக்காடு. வேறுபாடே இல்லை என்று பொருள். வயிற்றுப்போக்கு மட்டும் 6.6இலிருந்து 10.2 விழுக்காடாகக் கூடியது. நீங்கள் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த ஆய்வில் கொல்கிசின் எடுத்தவர்களின் சி.ஆர்.பி. குறைந்தது. எண் இறங்கியது, ஆபத்து இறங்கவில்லை. உங்கள் விஷயத்தில் ஹார்மோன் மாத்திரையால் எண் ஏறியிருக்கலாம், ஆபத்து அந்த அளவுக்கு ஏறாமல் இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தைய இரண்டு ஆய்வுகளுக்கும் இதற்கும் ஏன் இந்த முரண்பாடு என்பதில் இதய மருத்துவர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் நடந்ததைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள், முன்னைய ஆய்வுகள் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். என் சொந்த மதிப்பீடு, நிலைபெற்ற தமனி நோய் உள்ள சிலருக்குச் சிறிய பயன் இருக்கலாம் என்பதே. ஆனால் ஒன்றில் எந்த முரண்பாடும் இல்லை: இந்த ஆய்வுகள் எல்லாம் ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களிடம் நடந்தவை. நோய் வராத, சி.ஆர்.பி. மட்டும் உயர்ந்த உங்களைப் போன்றவர்களுக்குக் கொல்கிசின் கொடுக்கலாம் என்று சொல்ல இவற்றில் ஆதாரம் இல்லை.

இப்போது கிழங்கு. கண்வலிக் கிழங்கு என்பது செங்காந்தள் செடியின் கிழங்கு; செங்காந்தள் நம் மாநில மலர். சித்தப்பா போன்ற விவசாயிகள் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் பந்தல் கட்டி, காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து, விதைக்காக அதை வளர்ப்பது கொல்கிசின் எடுக்கத்தான். அந்த விதை ஆலைக்குப் போய், பிரித்தெடுக்கப்பட்டு, தூய்மைப்படுத்தப்பட்டு, அரை மில்லிகிராமாக அளக்கப்பட்டுத்தான் மாத்திரையாகிறது. கிழங்கின் ஒரு துண்டில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதை நிலமும் பருவமும் கிழங்கின் வயதும் தீர்மானிக்கும். உங்கள் சமையலறையில் அதை அளக்க முடியாது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான மருந்துகளில் கொல்கிசின் ஒன்று; வேகவைப்பதை நம்பி அதை முறித்துவிட முடியாது; நம் நாட்டு மருத்துவமனைகளில் முறிமருந்தும் கிடையாது. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், இந்தக் கிழங்கைத் தின்ற ஓர் இளைஞனின் படுக்கைக்கு அருகில் பல இரவுகள் இருந்திருக்கிறேன். முதல் நாள் வாந்தியும் பேதியும் மட்டுமே. சாதாரண உணவு நஞ்சு என்றே நினைத்தோம். இரண்டாம் நாள் பேதி நின்றது, வீட்டார் ஊருக்குப் போகலாமா என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரிந்தன, ஈறிலிருந்து இரத்தம் கசிந்தது. இரண்டாவது வாரத்தில் அவன் தலையணை முழுவதும் முடி. அவன் பிழைத்தான். எல்லோரும் பிழைப்பதில்லை. மாத்திரையிலும் இந்த ஆபத்து அடியோடு இல்லாமல் போவதில்லை; சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில நோயுயிர்முறிகளையோ வெராபமில், டில்டியாசெம் போன்ற இதய மாத்திரைகளையோ உடன் எடுப்பவர்களுக்கும் வழக்கமான அளவே உடலில் தங்கித் தீங்கு செய்யக்கூடும்.

உங்கள் 4.6இல் உண்மையான அழற்சியின் பங்கு இருக்குமானால், உங்கள் வயதில் அதன் ஊற்று பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்புதான். கொழுப்புத் திசு என்பது எண்ணெய்க் கிடங்கு மட்டும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். 1993இல் பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்தே டி.என்.எஃப். என்னும் அழற்சித் தூது சுரப்பதும், அதுவே இன்சுலின் வேலை செய்யாமல் தடுப்பதும் தெரியவந்தன. 2003இல் பருத்த உடலின் கொழுப்பில் வெள்ளணு வகையான மேக்ரோபேஜ்கள் கூட்டமாகக் குடியிருப்பதைக் கண்டார்கள். மாதவிடாய் நின்றபின் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுவதும், எடை இயந்திரம் காட்டாத அந்த மாற்றத்தைப் புடவைக் கொசுவம் காட்டிவிடுவதும் நீங்களே அறிந்ததாக இருக்கலாம். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது எல்லை. 2023இல் வெளிவந்த, சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்நின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் மேலும் 15.3 விழுக்காட்டினருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாகக் கண்டது. அந்த நெடிய வரிசையின் தொடக்கம் இந்த வயிற்றுக் கொழுப்பில்தான்.

எடை குறைந்தால் சி.ஆர்.பி.யும் பெரும்பாலும் குறைகிறது. எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2023இன் செலக்ட் ஆய்வில், இதய நோயும் கூடுதல் எடையும் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் அது இதய நிகழ்வுகளை 8 விழுக்காட்டிலிருந்து 6.5ஆகக் குறைத்தது, சி.ஆர்.பி.யும் நன்றாகக் குறைந்தது. நன்மை எடையாலா, அழற்சி தணிந்ததாலா, மருந்தின் நேரடிச் செயலாலா என்பது இன்னும் முழுமையாகப் பிரிக்கப்படவில்லை. இதுவும் இதய நோய் வந்தவர்களிடம் நடந்த ஆய்வே. மஞ்சளும் குர்குமின் மாத்திரையும் சிறிய ஆய்வுகளில் சி.ஆர்.பி.யைச் சற்றுக் குறைத்திருக்கின்றன. மாரடைப்பைக் குறைத்ததாக எந்தப் பெரிய ஆய்வும் காட்டவில்லை. குழம்பில் போடும் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள், மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஹார்மோன் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இந்த அறிக்கையைக் காட்டி, ஈஸ்ட்ரோஜனைப் பட்டையாகவோ ஜெல்லாகவோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கருப்பை இருக்கிறதென்றால் புரோஜெஸ்டிரோன் தொடர்ந்தே ஆக வேண்டும். மாற்றினால் இரண்டு மூன்று மாதம் கழித்து, சளி, காய்ச்சல், பல்வலி எதுவும் இல்லாத இரண்டு வாரங்களுக்குப் பிறகு, அதே ஆய்வகத்தில் ஹெச்.எஸ். சி.ஆர்.பி.யை மீண்டும் எடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. அதற்குள் ஒரு பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் எழுதாத எண்கள்தான் எனக்கு இந்த 4.6ஐவிட முக்கியமானவை: இரத்த அழுத்தம், எல்.டி.எல்., மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்.பி.ஏ.1சி., இடுப்புச் சுற்றளவு, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இள வயதில் மாரடைப்பு வந்ததா என்பது. அவை எல்லாம் நன்றாக இருந்து சி.ஆர்.பி. மட்டும் 3ஐச் சற்றுத் தாண்டி நின்றால் நான் மருந்து எதுவும் எழுத மாட்டேன். அவற்றில் இரண்டோ மூன்றோ சரியில்லை என்றால், உயர்ந்த சி.ஆர்.பி.யைக் கூடுதல் காரணமாக எடுத்துக்கொண்டு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கலாமா என்று உங்களோடு உட்கார்ந்து பேசுவேன்.

சித்தப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள். நடவுக்கு எடுத்து வைத்த விதைக் கிழங்கைப் பூட்டிய கொட்டகையில், சர்க்கரைவள்ளியும் மற்ற உணவுக் கிழங்குகளும் வைக்கும் இடத்துக்குத் தொலைவில் வைக்கச் சொல்லுங்கள். தோற்றத்தில் ஏமாந்து சமைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. வீட்டில் யாராவது தவறி உண்டுவிட்டால், உடல் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் அந்த மணி நேரத்திலேயே அரசு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்; உண்டதில் மிச்சம் இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.